நாட்டெல்லை ஓடிய கடைத்தெரு

ஸ்டேட் லைன் அவென்யூவில் வடக்கே போகிற வண்டிகள் ஆர்கன்சாவில் ஓடுகின்றன. தெற்கே வருகிறவை டெக்சாஸில் ஓடுகின்றன. நடுத்தடத்தில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பக் காத்திருப்பவர் அந்த நிமிஷம் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். ஒரு யூ-டர்ன் அடித்தால் ஆளுநர் மாறுகிறார், மேயர் மாறுகிறார், போலீஸ்காரரின் சட்டை மாறுகிறது, பின்கோடு 75501-லிருந்து 71854 ஆகிறது. தெரு மட்டும் மாறுவதில்லை. அதே டயர் கடை, அதே பர்கர் கடை, அதே அடகுக் கடை.

டெக்சார்க்கானா என்ற இந்த ஊருக்கு டல்லாஸிலிருந்து ஐ-30 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 180 மைல். டல்லாஸ் பக்கத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் இதைக் கடந்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள். நீண்ட வார இறுதிக்கு ஹாட் ஸ்பிரிங்ஸ் போகிற வழியில் பெட்ரோல் போட்டு, பிள்ளைகளை ரெஸ்ட்ரூமுக்கு அழைத்துப்போய், மறுபடி ஏறிவிடுகிற இடம் அது. நானும் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன். இந்த முறை ஊரையே பார்ப்பதற்கென்று கிளம்பினோம். உடன் வந்தவர் பிளேனோவில் இருக்கும் கடலூர்க்கார நண்பர். எல்லையோர ஊர்களைப் பற்றி அவருக்குப் பிறவி ஞானம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ராய்ஸ் சிட்டி பக்கீஸில் காபி. கிரீன்வில், சல்பர் ஸ்பிரிங்ஸ், மவுண்ட் பிளசன்ட் என்று ஊர்கள் போகப்போக வெட்டவெளி குறைந்து பைன் மரங்கள் சாலையை நெருங்கி வருகின்றன. கௌபாய் படங்களில் காட்டுகிற டெக்சாஸ் அல்ல இது. மண் சிவந்து, காற்று ஈரமாகி, பருத்தி விளைந்த பழைய தென்மாநிலங்களின் வாடை வந்துவிடுகிறது.

ஊரின் நடுவில், தெருவின் நடுவிலேயே, ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. தெரு இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1933-இல் கட்டி முடித்த கூட்டரசுக் கட்டடம். கீழே தபால் நிலையம், மேலே நீதிமன்றங்கள். மாநில எல்லைக்கோடு கட்டடத்தின் நட்டநடுவே போகிறது. அடித்தளத்துக்கு டெக்சாஸிலிருந்து இளஞ்சிவப்புக் கருங்கல், சுவர்களுக்கு ஆர்கன்சாவிலிருந்து சுண்ணாம்புக்கல் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். யாருக்கும் மனக்குறை வரக்கூடாதென்று கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் சந்தனம் பூசுகிற ஜாக்கிரதை அதில் தெரிகிறது. மேற்குப் பாதியில் டெக்சாஸ் கிழக்கு மாவட்டத்து நீதிமன்றம், கிழக்குப் பாதியில் ஆர்கன்சா மேற்கு மாவட்டத்து நீதிமன்றம். டெக்சாஸ் மாநில அரசு சிகரெட் கம்பெனிகள் மீது போட்ட பெரிய வழக்கு இந்த ஊர் நீதிமன்றத்தில்தான் தாக்கலாகி, 1998 ஜனவரியில் 1,530 கோடி டாலருக்குச் சமரசமானது. நாட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்தபடியாக அதிகம் படம் பிடிக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரென்று கேட்பது மரியாதையில்லை.

கட்டடத்தின் முன்னால் படம் எடுப்பதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தரையில் கோடு, ஒரு பக்கம் டெக்சாஸ் என்றும் மறுபக்கம் ஆர்கன்சா என்றும் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் காலை அகட்டிக் காலுக்கொரு மாநிலத்தில் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் சின்னப் பையன் ஒருவன் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகக் குதித்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பா மூன்று தடவை கூப்பிட்டும் படத்துக்கு நிற்கவில்லை.

அந்தப் பையன் குதித்த கோடு இன்று இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இருக்கிறது. 1841-இல் அது இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்தது. தரையில் எழுதியிருக்கும் இரண்டு பெயர்களும் இதைச் சொல்வதில்லை. நான் வந்தது இதற்காகத்தான்.

*

1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாப் பரப்பை அமெரிக்கா வாங்கியபோது, வாங்கிய நிலம் எங்கே முடிகிறது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரான ஸ்பெயினுக்கு அதைப் பற்றித் திட்டவட்டமான கருத்து இருந்தது. ஜனாதிபதி ஜெஃபர்சன் 1806-இல் தாமஸ் ஃபிரீமன் என்ற நில அளவையாளரையும் பீட்டர் கஸ்டிஸ் என்ற இயற்கை ஆய்வாளரையும் ரெட் ரிவர் வழியாக அனுப்பினார். மேற்கே போன லூயிஸ், கிளார்க் பயணத்தைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். இந்தப் பயணத்தை யாரும் படிப்பதில்லை, காரணம் இது பாதியில் நின்றுபோனது. ஜூலை மாதக் கடைசியில், இன்றைய டெக்சார்க்கானாவுக்கு மேற்கே, நியூ பாஸ்டனுக்கு அருகில், பிரான்சிஸ்கோ வியானா என்ற ஸ்பானியத் தளபதி பெரும்படையோடு ஆற்றங்கரையில் நின்று மறித்தார். அமெரிக்கர்கள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்த மேட்டுக்கு இன்றும் ஸ்பானிஷ் பிளஃப் என்று பெயர்.

பேச்சுவார்த்தை இழுத்து, 1819 பிப்ரவரி 22 அன்று வாஷிங்டனில் அமெரிக்கத் தரப்பில் ஜான் குவின்சி ஆடம்சும் ஸ்பெயின் தூதர் லூயிஸ் டி ஓனிசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கடலிலிருந்து செபைன் ஆற்றின் வழியே வடக்கே போய், 32-ஆம் பாகையில் ஆற்றை விட்டுவிட்டு, ரெட் ரிவர் வரும்வரை நேர் வடக்கே ஒரு கோடு. அந்த நேர்கோட்டின் மேல்தான் இன்று டயர் கடையும் பர்கர் கடையும் நிற்கின்றன. கையெழுத்திட்ட இருவரும் இந்தக் காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜான் மெலிஷ் என்பவர் அச்சிட்ட ஒரு வரைபடம் அவர்கள் முன்னால் விரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கோடு போட்டாயிற்று; ஆனால் தரையில் யாரும் அளக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அளக்கவில்லை. அதற்குள் கோட்டுக்கு மேற்கே ஸ்பெயின் போய் மெக்சிகோ வந்தது, மெக்சிகோ போய் 1836 மார்ச்சில் டெக்சாஸ் குடியரசு என்ற தனி நாடு வந்தது. கிழக்கே ஆர்கன்சா அதே வருஷம் ஜூனில் மாநிலமானது. இந்த இருபது வருஷக் குழப்பத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதைகள் இருக்கின்றன.

1820-லேயே ஆர்கன்சாக்காரர்கள் இங்கே மில்லர் கவுன்ட்டி என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள். அதில் பெரும்பகுதி ஒப்பந்தப்படி அடுத்த நாட்டு நிலம். குடியேறியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ரெட் ரிவர் கரையில் பீக்கன் பாயின்ட்டில் ரிச்சர்ட் எல்லிஸ் என்றொரு பண்ணைக்காரர் இருந்தார். அலபாமாவில் நீதிபதியாக இருந்துவிட்டு வந்தவர். டெக்சாஸ் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த 1836 மாநாட்டுக்குத் தலைவர் அவர்தான். அதே காலத்தில், அதே வீட்டில் வசித்த அவருடைய மகன், அமெரிக்காவின் ஆர்கன்சா சட்டமன்றத்தில் மில்லர் கவுன்ட்டியின் உறுப்பினர். அப்பா ஒரு நாட்டின் தலைவர்களில் ஒருவர், பிள்ளை இன்னொரு நாட்டின் மக்கள் பிரதிநிதி, சாப்பாடு ஒரே மேஜையில். கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் நிலம் குடும்பத்திலேயே இருக்கும். டல்லாஸுக்குத் தெற்கே வாக்சஹாச்சி, மிட்லோதியன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் சொத்து வரி கட்டுவது எல்லிஸ் கவுன்ட்டியில். அந்த எல்லிஸ் இவர்தான்.

எல்லாருக்கும் அந்தக் குழப்பம் சாதகமாக இருக்கவில்லை. இந்த ஆற்றுப் படுகை கேடோ மக்களின் பூமி. சோளம் விளைவித்து, மண்மேட்டுக் கோயில்கள் எழுப்பி, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே நிலைத்து வாழ்ந்தவர்கள். 1835 ஜூலை 1 அன்று செய்த ஒப்பந்தத்தில் 80,000 டாலர் மதிப்புக்கு அவர்களிடமிருந்து நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட அமெரிக்க அரசு, ஒரு நிபந்தனையும் சேர்த்தது: ஒரு வருஷத்துக்குள் அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும், திரும்பி வந்து குடியேறக் கூடாது. எல்லை எங்கே என்று அளக்காத அரசு, அந்த எல்லைக்கு வெளியே போ என்றது. போனார்கள். அந்தப் பக்கம் சில மாதங்களில் டெக்சாஸ் குடியரசு முளைத்தது. அதுவும் அவர்களை நிற்கவிடவில்லை. கடைசியில் 1859-இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள். கேடோ இனத்தின் அரசு இன்று அங்கே பிங்கர் என்ற சிற்றூரில் இயங்குகிறது.

கோட்டைத் தாண்டி ஓடியவர்களில் கடன்காரர்களும் உண்டு. 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது, தென்மாநிலங்களில் பலர் இரவோடிரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு, கதவில் "ஜி.டி.டி." என்று எழுதிவிட்டு டெக்சாஸுக்குக் கிளம்பினார்கள். போய்விட்டோம், டெக்சாஸுக்கு என்பதன் சுருக்கம் அது. அடுத்த நாடு என்பதால் வாஷிங்டனின் வாரண்ட் அங்கே செல்லாது. அடிமைகளாக அவர்களோடு இழுத்துச் செல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கு அந்தக் கோடு எந்தப் புகலிடமும் தரவில்லை. டெக்சாஸ் குடியரசின் அரசியல் சட்டம் அடிமை முறையை உறுதி செய்தது. அதோடு, சுதந்திரமான கறுப்பர் ஒருவர் அங்கே வசிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்றும் எழுதி வைத்தது.

கடைசியில் 1840-லும் 1841-லும் இரு நாடுகளின் கூட்டு ஆணையம் கோட்டை அளந்தது. அமெரிக்கத் தரப்புக்கு வேலை பார்த்தவர்களில் ஜார்ஜ் மீட் என்ற இளைஞரும் உண்டு. இருபத்து சொச்சம் வருஷம் கழித்து கெட்டிஸ்பர்க் போரில் வடபடையை நடத்திய அதே மீட். சதுப்பு, மூங்கில் புதர், மலேரியாக் கொசு இவற்றுக்கு நடுவே மரங்களை வெட்டி வழி செய்து, மைலுக்கு ஒரு மண்மேடு எழுப்பி, 1841 கோடையில் ரெட் ரிவரைத் தொட்டார்கள். நூறு மைலுக்கு மேல் நீண்ட கோடு. இத்தனை பாடுபட்டு வரைந்த நாட்டெல்லை, நாட்டெல்லையாக உயிரோடு இருந்தது நாலரை வருஷம். 1845 டிசம்பர் 29 அன்று டெக்சாஸ் அமெரிக்காவின் 28-ஆவது மாநிலமாகிவிட்டது.

*

நாட்டெல்லை போன இடத்தில் ஊரே இல்லை, பைன் காடுதான். ஊரைக் கொண்டுவந்தது ரயில். ஆர்கன்சா பக்கமிருந்து கெய்ரோ அண்ட் ஃபுல்டன் கம்பெனி தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தது. டெக்சாஸ் பக்கமிருந்து டெக்சாஸ் அண்ட் பசிபிக் வந்தது. இரண்டும் எல்லைக்கோட்டில் சந்தித்தன. சரக்கு கைமாறுகிற இடத்தில் கடை வரும், கடை வருகிற இடத்தில் மனை விலை ஏறும். 1873 டிசம்பர் 8 அன்று டெக்சாஸ் அண்ட் பசிபிக் கம்பெனி முதல் மனைகளை விற்றது. ஊரின் பிறந்தநாள் அதுதான். கிழக்குப் பாதிக்காக, 1838-இல் கலைத்துவிட்ட மில்லர் கவுன்ட்டியை 1874-இல் ஆர்கன்சா மறுபடி உயிர்ப்பித்தது.

ஆகவே இந்தத் தெருவை எல்லை வந்து பிளக்கவில்லை. எல்லையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவே வளர்ந்தது. பெர்லினையோ எருசலேமையோ நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கம்பி வேலி இல்லை, சோதனைச் சாவடி இல்லை. எனக்கென்னவோ இதுதான் அதிக சுவாரஸ்யமாகப் பட்டது: நாடு செத்து நூற்றெண்பது வருஷம் ஆன பிறகும் அதன் எல்லைக்கோடு மட்டும் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் தின்றது குற்றத்தை. தெருவுக்கு மேற்கே திருடிவிட்டுக் கிழக்கே ஓடினால், பிடித்துக் கொண்டுவர ஆளுநரின் உத்தரவு வேண்டும். இது இந்த ஊரின் பழைய வேடிக்கைப் பேச்சு. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து கொல்லப் போகிறவர்களுக்கு எல்லை எதுவும் இருக்கவில்லை. 1892 பிப்ரவரியில் எட்வர்ட் காய் என்ற கறுப்பின மனிதரை, விசாரணை எதுவும் இல்லாமல், ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்க்க, இந்த ஊரில் உயிரோடு எரித்தார்கள். அந்த வருஷமே பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் தம்முடைய நூலில் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். கோட்டோடு விளையாடும் சுற்றுலாக் குறிப்புகளில் இந்தப் பெயரை எதிர்பார்க்க வேண்டாம்.

1946 பிப்ரவரி முதல் மே வரை முகமூடி அணிந்த ஒருவன் இரவுகளில் எட்டுப் பேரைத் தாக்கி ஐந்து பேரைக் கொன்றான். முதல் மூன்று தாக்குதல்களும் டெக்சாஸ் பக்கம், கடைசித் தாக்குதல் ஆர்கன்சா பக்கத்துப் பண்ணை வீட்டில். இரண்டு கவுன்ட்டி ஷெரிஃபுகள், இரண்டு நகரப் போலீஸ், டெக்சாஸ் ரேஞ்சர்கள், ஆர்கன்சா மாநிலப் போலீஸ், எஃப்.பி.ஐ. என்று எல்லாரும் வந்து குவிந்தார்கள். கடைகளில் பூட்டும் துப்பாக்கியும் தீர்ந்துபோயின. கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1976-இல் அதைப் படமாக எடுத்துக் காசு பார்த்தார்கள்.

*

சாயங்காலம் ஸ்டேட் லைன் அவென்யூவில் மெதுவாக வண்டியை விட்டோம். ஆர்கன்சா பக்கம் ஒரு மதுக்கடை. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதன் வாசலில் நின்ற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார் நண்பர். பெரும்பாலும் டெக்சாஸ்.

"இது அப்படியே நம்ம கன்னியக்கோயில்யா" என்றார்.

கடலூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கிராமம் கிராமமாகப் பெற்ற நிலங்களின் எல்லை, அவர்கள் 1954-இல் போன பிறகும் அப்படியே இருக்கிறது. கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற சாலையில் முள்ளோடை தாண்டியதும் கன்னியக்கோயிலில் விலை குறைந்த சரக்கு. ஒரு பக்கம் ஒரு சட்டம், பத்தடி தள்ளி வேறு சட்டம், நடுவில் செக்போஸ்ட். அங்கே பாரிஸும் லண்டனும் விட்டுப்போன கோடு. இங்கே மாட்ரிட்டும் வாஷிங்டனும் போட்ட கோடு.

டெக்சாஸ் பக்கத்து பவி கவுன்ட்டி பல பத்தாண்டுகள் மதுவிலக்குப் பகுதியாக இருந்தது. அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1933-இல் முடிந்த பிறகு, மதுவை அனுமதிப்பதா என்ற முடிவைக் கவுன்ட்டிகள் வாக்கெடுப்பில் தாங்களே எடுக்கலாம் என்று டெக்சாஸ் விட்டுவிட்டது. மதுவுக்கு எதிராக வாக்களித்துவிட்டு வெள்ளிக்கிழமை தெருவைக் கடந்து போய் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், வாக்களிப்பது யாருக்கும் சிரமமாக இல்லை. கொள்கையும் காப்பாற்றப்பட்டது, பக்கத்து மாநிலத்துக்கு வரியும் கிடைத்தது.

லாட்டரியில் இது தலைகீழ். டெக்சாஸில் 1992-இல் அரசு லாட்டரி தொடங்கியது. ஆர்கன்சாவில் 2009-இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினேழு வருஷம் சீட்டு வாங்குகிற கூட்டம் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தது. 2021 மார்ச்சில் இன்னொரு கூத்து. கொரோனாவுக்காகப் போட்ட முகக்கவச உத்தரவை டெக்சாஸ் ஆளுநர் 10-ஆம் தேதி விலக்கிக்கொண்டார். ஆர்கன்சா ஆளுநர் 30-ஆம் தேதிதான் விலக்கினார். அந்த இருபது நாளும் தெருவுக்கு ஒரு பக்கம் முகக்கவசம் கட்டாயம், எதிர்ப்பக்கம் அவரவர் இஷ்டம். கிருமி எந்த மாநிலத்துச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதோ!

வரி விஷயம் கொஞ்சம் நுட்பமானது. எங்களைப் போல் சம்பளக்காரர்களுக்கு இதில்தான் ஆர்வம். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. ஆர்கன்சாவில் உண்டு. தெருவைக் கடந்து குடிபோனாலே வரி மிச்சம் என்றால் கிழக்குப் பாதியில் யார் இருப்பார்கள்? ஊர் காலியாகிவிடும் என்ற பயத்தில் 1977-இல் ஆர்கன்சா ஒரு சட்டம் போட்டது: டெக்சார்க்கானாவின் ஆர்கன்சா பக்கத்தில் குடியிருப்பவருக்கு மாநில வருமான வரி விலக்கு. மாநிலத்தில் வேறெந்த ஊருக்கும் இப்படியொரு சலுகை கிடையாது. ஏ.ஆர்.-டி.எக்ஸ். என்று ஒரு படிவமே இதற்காக இருக்கிறது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட ஊரில் விற்பனை வரியை ஒரு சதவீதம் கூட்டினார்கள். அதாவது ஒரு வெளிநாட்டின் எல்லை, செத்து 132 வருஷம் கழித்து, ஒரு மாநிலத்தின் வரிச் சட்டத்தில் ஓட்டை போட்டிருக்கிறது.

கோடு பிரித்ததை ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் தைத்தும் வைத்திருக்கிறார்கள். குடிநீர் வாரியம் இரண்டு நகரங்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. தாகத்துக்கு எந்த மாநிலம்? 1985-இல் இரு மாநில நீதிக் கட்டடம் ஒன்றைக் கோட்டின் மேல் கட்டி, காவல், நீதிமன்றம், சிறை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். உள்ளேயே எல்லை போகிறது என்பதால், கைதியை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு அழைத்துப்போவதுகூட மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதாக ஆகிவிடும். அதற்காக இரண்டு மாநிலங்களும் தனியாக ஓர் உடன்படிக்கையே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

சேராதது கால்பந்து. டெக்சாஸ் ஹை பள்ளியின் புலிகளும் ஆர்கன்சா ஹை பள்ளியின் காட்டுப்பன்றிகளும் மோதுகிற இரவில், குடிநீர் வாரியத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காருகிறவர்கள் எதிரெதிர் காலரியில் உட்கார்ந்து கத்துகிறார்கள்.

ஊரின் பழைய பகுதி களையிழந்துதான் கிடக்கிறது. ரயில் கொண்டுவந்த பணம் ரயிலோடு போனது. நெடுஞ்சாலை வந்ததும் கடைகள் ஐ-30 ஓரத்துக்கு இடம் மாறின. யூனியன் ஸ்டேஷனில் டெக்சாஸ் ஈகிள் ரயில் இன்னும் நிற்கிறது. 1925-இல் திறந்த எட்டு மாடி கிரிம் ஓட்டல் 1990-இல் மூடப்பட்டு, ஜன்னல் கண்ணாடி இல்லாமல் வெகுகாலம் நின்றிருந்து, இப்போதுதான் குடியிருப்பாக மாறியிருக்கிறது. கோடீஸ்வரர் ராஸ் பெரோ பிறந்த ஊர் இது. 1924-இல் கட்டிய பழைய தியேட்டர் அவர் குடும்பத்துப் பணத்தில் புதுப்பிக்கப்பட்டு அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான் தேடிப் போனது ஆர்கன்சா பக்கம் லாரல் தெருவில் இருக்கும் ஆர் ஸ்கூல் என்ற பழைய பள்ளிக் கட்டடத்தை. கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளி. ராக்டைம் இசையின் மன்னர் ஸ்காட் ஜாப்ளின் இங்கே படித்தவர். தாயார் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தார். யூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய யூத இசை ஆசிரியர் பையனின் காதைக் கண்டுகொண்டு காசு வாங்காமல் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஜாப்ளினோடு தொடர்புள்ள கட்டடம் ஊரில் மிஞ்சியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான். எங்கள் பக்கத்துக்காரர் என்று இரண்டு பக்கமும் அவரைச் சொந்தம் கொண்டாடுகின்றன. அவர் ஊரை விட்டுப் போகும்போது அப்படியொரு போட்டி இருந்திருக்க வாய்ப்பில்லை.

*

மறுநாள் வந்த வழியே திரும்பவில்லை. யு.எஸ். 59-ஐப் பிடித்துத் தெற்கே லிண்டன், ஜெஃபர்சன், மார்ஷல், கார்த்தேஜ் என்று இறங்கினோம். பனோலா கவுன்ட்டியில், எஃப்.எம். 31 சாலை லூசியானாவைத் தொடுகிற இடத்துக்கருகே, டெட்வுட் என்ற குக்கிராமத்தைத் தாண்டி, சாலையோரத்தில் இரும்பு வேலிக்குள் ஒரு கருங்கல் தூண். 1841 ஏப்ரலில் அளவைக்காரர்கள் நட்டது. கிழக்கு முகத்தில் யு.எஸ்., மேற்கு முகத்தில் ஆர்.டி. — ரிபப்ளிக் ஆஃப் டெக்சாஸ். தெற்கு முகத்தில், 1841-இல் நிறுவிய தீர்க்கரேகை எல்லை என்ற வாசகம். அமெரிக்க நிலப்பரப்புக்கு உள்ளே நிற்கும் ஒரே சர்வதேச எல்லைக்கல் என்கிறார்கள். மைல் மைலாக எழுப்பிய மண்மேடுகள் கரைந்துபோய்விட்டன. இது கல் என்பதால் தப்பியது.

எழுத்து வெட்டு இன்னும் கூர்மையாக இருக்கிறது. உச்சியில் பாசி. இத்தனைக்கும் இடுப்பு உயரத்துக்கு மேல் இல்லை. எரிவாயுக் கிணற்றுக்குப் போகிற டேங்கர் லாரிகள் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு போகின்றன. மேற்கு முகத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். தனிப் பணம் அச்சடித்து, அந்தப் பணத்துக்கு மதிப்பில்லாமல் போய், பாரிஸிலும் லண்டனிலும் தூதர் வைத்திருந்த ஒரு நாடு. ஏறக்குறைய பத்து வருஷம் இருந்தது.

நண்பர் கல்லைவிட மேப்பை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ், இந்தக் கோடு அப்படியே வடக்கே போனா வாஸ்கம்ல ஐ-20-ஐ வெட்டுதே" என்றார்.

வெட்டுகிறது. டெக்சாஸில் வணிகரீதியான சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி இல்லை. லூசியானாவில் 1991-இல் படகு காசினோக்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1994 முதல் ஷ்ரீவ்போர்ட்டில் அவை ஓடுகின்றன, பெரும்பாலும் டல்லாஸ்காரர்களின் காசில். ஓக்லஹோமா எல்லையில் வின்ஸ்டார் என்ற மாபெரும் காசினோ ரெட் ரிவரைத் தாண்டிய உடனே நிற்கிறதே, அந்த ஆற்றை எல்லையாக்கியதும் ஆடம்சும் ஓனிசும் கையெழுத்திட்ட அதே 1819 ஒப்பந்தம்தான். டல்லாஸிலிருந்து வார இறுதியில் பஸ் பிடித்துச் சீட்டாடப் போகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் ஸ்பானிய மன்னரின் எல்லையைத்தான் தாண்டுகிறார்கள்.

"அப்ப நான் இத்தனை நாளா வெளிநாட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கேன்" என்றார். வாட்சைப் பார்த்தார். "இங்கேருந்து ஷ்ரீவ்போர்ட் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வந்தது வந்தோம்."

போனோம். நான் ஆடவில்லை. அவர் எவ்வளவு விட்டார் என்பதை எழுதுவதில்லை என்று ஒப்பந்தம். அவர் வீட்டம்மா தமிழ்ப் பத்திரிகைகளைத் தவறாமல் படிக்கிறவர்.